எதிர்முறுக்கு

வகுப்பு ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் நடந்தது. படிகள் நாற்பத்தொன்று. முதல் நாள் ஏறும்போது எண்ணினேன்; இறங்கும்போது நாற்பதுதான் வந்தது. இரண்டில் எது தவறு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் குறிப்பேட்டின் முதல் வரியே அதுதான், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.

அக்கா எனக்கு முன்னால் ஏறினாள். இடது கை கைப்பிடியில். வலது கை மார்போடு மடங்கியிருந்தது. யாருடைய பொருளையோ பத்திரமாக ஒப்படைக்கப் போகிறவள் போல அதைச் சுமந்துகொண்டு ஏறினாள்.

ஏழு மாதங்களுக்கு முன்பு ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவள் மூளையில் ஓர் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. பேச்சு மூன்று வாரத்தில் திரும்பியது. கால் இரண்டு மாதத்தில் திரும்பியது. கை மட்டும் திரும்பவில்லை. அது எதையாவது பிடிக்கும், பிடித்ததை விடாது. நாங்கள்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டும். அவளோ கடிகாரம் பழுது பார்க்கிறவள். ஒற்றைக் கண்ணில் கண்ணாடிக் குமிழை மாட்டிக்கொண்டு, எள்ளைவிடச் சிறிய திருகாணிகளை எடுத்து வைக்கிறவள்.

முதல் ஒரு வருடத்தில் கை எதைக் கற்றுக்கொள்கிறதோ அதுதான் பெரும்பகுதி என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால்தான் அவளை அந்த மாலை வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். நூற்பது ஒரு மாதம், பின்னல் ஒரு மாதம், நெசவு ஒரு மாதம். செவ்வாயும் வெள்ளியும்.

முதல் நாள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றவள், என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"இதோ பாருடி. பன்னெண்டு வாரம். அதுக்குள்ள ஒரே ஒரு பொருளையாவது ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் நானே, என் கையால பண்ணணும். முடியலைன்னா இந்தக் கையைப் பத்தி வீட்டுல இனிமே யாரும் பேசக் கூடாது. பந்து, எண்ணெய், பயிற்சி, ஒண்ணும் கிடையாது. சரியா?"

"சரிக்கா."

"அம்மாவும் பேசக் கூடாது."

"அதுக்கு நான் எப்படிக்கா பொறுப்பு?"

"நீதான் பொறுப்பு. எழுதிக்கோ. எதைப் பார்த்தாலும் எழுதுவியே."

அங்கேயே, படியில் நின்றபடி எழுதிக்கொண்டேன்.

அறை நீளமானது. மேற்குப் பக்கம் முழுக்க ஜன்னல். ஐந்தரை மணிக்கு வெயில் சாய்வாக உள்ளே வந்து தரையில் படுக்கும். பிறகு மெதுவாக எதிர்ச்சுவரில் ஏறி, ஏழு மணிக்கு விட்டத்தில் போய் மறையும். அந்த ஒன்றரை மணி நேரமும் கம்பளித் துகள்கள் காற்றில் மிதந்துகொண்டிருக்கும், கீழே விழ எந்த அவசரமும் இல்லாமல். காலால் மிதிக்கும் இராட்டைகள் ஓரமாக ஆறு இருந்தன. ஆறும் சேர்ந்து சுற்றும்போது எங்கோ தூரத்தில் மழை பெய்கிற சத்தம் வரும். பத்து நிமிடம் அதைக் கேட்டால் அன்று என்ன கிழமை என்பது மறந்துவிடும்.

நான் பகலில் இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். மூன்றாவது நாள் வகுப்பில், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஒரு கனவு கண்டேன். குப்பிகளில் இரத்தத்துக்குப் பதிலாகக் கம்பளி இருந்தது. நான் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாப் பெயரும் அக்காவுடையது. விழித்தபோது என் இழை அறுந்து, நூற்கும் மரக் கதிர் தரையில் உருண்டுகொண்டிருந்தது.

"நோட்டு தூங்கிருச்சு," என்றார் கத்திரி அண்ணன்.

அவர் முடிதிருத்துகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். முதல் நாளே எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்துவிட்டார். குறிப்பேட்டைக் கீழே வைக்காததால் நான் நோட்டு. அவருடைய பெயரை நாங்கள் வைத்தோம். "காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் முடியை வெட்டிக் கீழே தள்றேன்மா. ஒரு நாளாவது எடுத்து ஒட்டணும்னு ஆசை," என்று வகுப்பில் சேர்ந்த காரணத்தைச் சொன்னார். டீச்சர் சிரிக்கவில்லை. அவர் அதிகம் சிரிக்க மாட்டார். பகலில் மருந்துக் கடையில் வேலை, என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை.

எல்லோரும் முதலில் கதிரில்தான் பழக வேண்டும். பள்ளிக்கூடத்துத் தக்ளியைவிடச் சற்றுப் பெரியது. கம்பளித் திரியிலிருந்து கொஞ்சம் இழுத்து, கதிரில் மாட்டி, விரலால் ஒரு சுண்டு சுண்டினால் அது தொங்கியபடி சுற்றும். கம்பளி முறுக்கேறி நூலாகும். எழுதிப் பார்க்க இவ்வளவுதான். என் குறிப்பேட்டில் இதற்கு நான்கு பக்கம் இருக்கிறது. என் நூலோ ஓரிடத்தில் புழு மாதிரி தடித்து, ஓரிடத்தில் மயிரிழையாக இளைத்து, பார்க்கச் சகிக்காது.

அக்காவுக்கு டீச்சர் வேறு முறை சொன்னார். கம்பளியை வலது கை முட்டிக்குள் வைத்துவிட்டார். "இந்தக் கை பிடிக்கட்டும். பிடிக்கறதுதானே அதுக்குத் தெரிஞ்ச வேலை? அதையே பண்ணட்டும். இழுக்கறதும் சுண்டறதும் இடது கை. சுண்டின உடனே கதிரை முழங்காலுக்கு நடுவுல வச்சுக்கங்க. அப்புறம் மூச்சை வெளிய விட்டுக்கிட்டே இழுங்க."

முதலில் எதுவும் வரவில்லை. முட்டி இறுகிக் கிடந்தது. பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து கம்பளியை இழுப்பது போலிருந்தது. ஐந்தாவது நாள் வகுப்பில், அவள் பெருமூச்சு விட்ட ஒரு கணத்தில், முட்டி ஒரு நூலளவு தளர்ந்தது. ஒரு சாண் நீளத்துக்கு இழை வந்தது. வெயில் அப்போது சரியாக அவள் மடியில் இருந்தது. அந்த ஒரு சாணும் வெளிச்சத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. அக்கா அதைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டேயிருந்தாள். நான் மணியைக் குறித்துக்கொண்டேன்: ஆறு பத்து.

அதன் பிறகு அவள் நிற்கவில்லை. இரண்டாம் மாதம் மற்றவர்கள் ஊசி எடுத்துப் பின்னலுக்குப் போனபோதும் அவள் நூற்றுக்கொண்டேயிருந்தாள். பின்னலுக்கு இரண்டு கையும் வேண்டும், எனக்கு இருப்பது ஒன்றேகால்தான் என்றாள். வீட்டில் சட்டைப் பித்தான் போட, தலை வார, சாப்பாட்டைத் துண்டாக்க நானும் அம்மாவும் முந்திக்கொண்டு ஓடுவோம்; அவள் பொம்மை போல உட்கார்ந்திருப்பாள். வகுப்பில் மட்டும் அவள் கதிரை யாரும் தொடக் கூடாது. கீழே விழுந்தால் அவளே குனிந்து எடுப்பாள். எட்டாம் வாரம் அவளிடம் ஒரு முழுக் கண்டு நூல் இருந்தது, என் கைமுட்டி அளவு. சாம்பல் நிறம். என்னுடையதைவிட மெல்லியது, சீரானது. அதை எங்கே போனாலும் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவளுக்குச் சளி, காய்ச்சல். நான் மட்டும் வகுப்புக்குப் போனேன். அவள் பை என் தோளில்தான் இருந்தது. தறியின் அளவைக் கேட்டு வரச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை நெசவு தொடங்குகிறது. "ஒத்தை இழை தறியில தேஞ்சு அறுந்து போகும். ரெண்டு இழையைச் சேர்த்து முறுக்கி இரட்டிச்சு வச்சுக்கங்க," என்று டீச்சர் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, ஓர் இராட்டையின் சக்கரம் ஆடுகிறது என்று அதைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்காரரிடம் இறங்கிப் போனார்.

நான் யோசித்தது இதுதான். ஒழுங்காகவே எழுதிவிடுகிறேன். அக்காவால் இரண்டு நாளில் இரட்டிக்க முடியாது. அவளிடம் இருப்பது ஒரு கண்டு, என்னிடம் ஒரு கண்டு. இரண்டையும் சேர்த்து முறுக்கினால் அவளுக்குத் தறிக்கு ஏற்ற நூல் தயார். அவளே பண்ண வேண்டும் என்ற நிபந்தனை எனக்கு மறக்கவில்லை. ஆனால் நூற்றது அவள்தானே? சேர்ப்பது ஒரு வேலையா? சீட்டு ஒட்டுவது போலத்தானே? இப்படி எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். ஒரு கேள்விக்கு இத்தனை பதில் தேவைப்பட்டால் அங்கே ஏதோ சரியில்லை என்பது இப்போது தெரிகிறது.

"அக்காகிட்ட கேட்டியா?" என்றார் கத்திரி அண்ணன், பின்னலிலிருந்து தலையைத் தூக்காமல்.

"சந்தோஷப்படுவாண்ணே."

"நான் கேட்டது அது இல்லை."

இராட்டையில் உட்கார்ந்தேன். என் குறிப்பேட்டில் தெளிவாக இருந்தது: நூற்பது வலப்பக்கம் சுற்றி, இரட்டிப்பது இடப்பக்கம் சுற்றி. இடப்பக்கம் மிதித்தேன். என் இழை சாந்தமாகப் போனது. அக்காவின் இழை மட்டும் முரண்டு பிடித்தது. முறுக்கு ஏறிக்கொண்டே போய், சுருண்டு, சின்னச் சின்னக் கொம்புகளாக எழுந்து நின்று, இரண்டு இடத்தில் பட்டென்று அறுந்தது. அவள் அதிகமாக முறுக்கிவிட்டாள் போலிருக்கிறது, கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கலாம் என்று சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினேன். இந்த முறை அது சுருளவில்லை. அமைதியாக, முனகல்கூட இல்லாமல், நூல் சுற்றும் உருளைக்குள் போய்க்கொண்டேயிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. மழைச் சத்தம். வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. கண் செருகியது. எவ்வளவு நேரம் மிதித்தேன் என்று தெரியவில்லை. அந்த நேரத்தை மட்டும் நான் குறிக்கவில்லை.

பிறகு உருளையிலிருந்து கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். என் இழை கம்பிபோல் விறைத்திருந்தது. அதன் மேல், நூல் இருக்க வேண்டிய இடத்தில், புகை மாதிரி எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் பட்டதும் பிரிந்து பஞ்சாய்ப் பறந்தது. அக்காவின் எட்டு வாரமும் அப்படியே காற்றில் ஏறி, மற்றத் துகள்களோடு கலந்து, வெளிச்சத்தில் மிதந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

டீச்சர் மேலே வந்தபோது நான் இரண்டு கையிலும் பஞ்சோடு உட்கார்ந்திருந்தேன். அவர் திட்டவில்லை. "அவங்களோடது எதிர்முறுக்கு," என்றார். "இடது கையால சுண்டினா கதிர் இடப்பக்கம்தானே சுத்தும்? நீங்க எல்லாரும் வலம், அவங்க இடம். ரெண்டையும் சேர்த்து முறுக்கவே முடியாது. எந்தப் பக்கம் சுத்தினாலும் ஒண்ணு இறுகும், ஒண்ணு அவிழும். அவங்ககிட்ட முதல் வாரமே சொல்லிட்டேனே."

வீட்டில் அக்கா கட்டிலில் சாய்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலிப் பையை அவள் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் பையைத் திறந்தாள். பார்த்தாள். மூடினாள்.

"உன்கிட்ட நான் கேட்டது என்ன?"

"தறியோட அளவு."

"கேட்டுட்டு வந்தியா?"

அதைக் கேட்டு வர மறந்திருந்தேன்.

"எதிர்முறுக்குன்னு எனக்கு நீ சொல்லவே இல்லையேக்கா," என்றேன் கடைசியில்.

"நீ கேட்டியாடி? நான் எத்தனை தடவை தண்ணி குடிச்சேன்னு எழுதி வச்சிருக்கே. எத்தனை மணிக்கு மூச்சு வாங்கினேன்னு எழுதி வச்சிருக்கே. என் நூல் எந்தப் பக்கம் சுத்துதுன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டியா?" அவள் குரல் உயர்ந்தது. நோய்க்குப் பிறகு அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல்முறை. "அந்த ரூம்ல எல்லார் நூலும் ஒரு பக்கம், என்னுது ஒரு பக்கம். ஒம்பது மாசமா என் சட்டையை நீ போட்டு விடறே, தலையை அம்மா வாரி விடறா. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் வந்து சரி பண்ணிட்டே."

அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "என்னடி சத்தம்? காய்ச்சல் நேரத்துல ஏண்டி அவளைப் போட்டுப் படுத்தறே?"

"ஒண்ணும் இல்லைம்மா. வகுப்பு முடிஞ்சு போச்சு," என்றாள் அக்கா. "இன்னும் நாலு வாரத்துல ஒண்ணும் ஆகப் போறதில்லை. பேசினது பேசினதுதான். இனிமே கையைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது." தலையணை ஓரத்தில் கிடந்த ரப்பர் பந்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இதையும் எங்கேயாவது கண்ணுல படாம வை."

வெள்ளிக்கிழமை போகாமலிருக்கத்தான் நினைத்தேன். ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. டீச்சர் இராட்டை உருளையிலிருந்து பஞ்சை எல்லாம் பொறுமையாக எடுத்து, சீவி, ஒரு காகிதப் பையில் போட்டு வைத்திருந்தார்.

"இது வீணாப் போகல. நூலா இருந்தது, இப்ப கம்பளியா இருக்கு. அவ்வளவுதான். கொண்டு போய் வைங்க. எதுவும் சொல்லாதீங்க."

"எதுவுமேவா?"

"நீ சொல்ல ஆரம்பிச்சா நாலு பக்கம் ஆகும்," என்றார் கத்திரி அண்ணன். "சொல்லாம இருக்கறதுக்கு ஏதாவது வகுப்பு இருந்தா முதல்ல அதுல சேரும்மா."

பையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். சொல்லவில்லை. சனிக்கிழமை அது அங்கேயே இருந்தது. ஞாயிறு நாற்காலிக்கு நகர்ந்திருந்தது; யாராவது சாப்பிட இடம் பண்ணியிருக்கலாம். திங்கள் காலை அலமாரி மேல் இருந்தது. செவ்வாய் எங்கும் காணோம். குப்பைக் கூடையைக்கூடக் கிளறிப் பார்த்தேன். அந்த நாட்களில் நான் நடந்ததெல்லாம் தூக்கத்தில் நடப்பது போலிருந்தது. வேலையில் ஒரு குப்பியில் மாற்றிச் சீட்டு ஒட்டி, நல்ல வேளையாக நானே கண்டுபிடித்தேன். கண்ணை மூடினால் அக்காவின் நூல் அவிழ்ந்து, தெருவில் எல்லார் தலைக்கும் மேலாகப் போய்க்கொண்டிருக்கும். நான் கூடவே ஓடுவேன். பிடிக்கக் கூடாது என்று தெரியும், ஆனாலும் ஓடுவேன்.

புதன்கிழமை மாலை அக்காவின் அறை சாத்தியிருந்தது. உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி 'டொக்.' எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மரக் கதிர் தரையில் விழுகிற சத்தம் அது.

அம்மா கதவருகில் வந்து நின்றாள். "கீழே விழுதுடி. போய் எடுத்துக் குடு."

"வேண்டாம்மா."

டொக்.

"அவ குனிய முடியாம குனியறாடி. மனசு கேக்கலை."

"எனக்கும் கேக்கலைம்மா. வேண்டாம்."

"கல் மனசுடி உனக்கு," என்று அம்மா கதவில் கை வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் அப்படியே நின்றோம். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது, யாரோ மெல்லத் திட்டிக்கொண்டே எதையோ எடுக்கிற ஓசை வந்தது, பிறகு நீளமாக மூச்சு விடுகிற ஓசை. அடுத்த 'டொக்' வர வெகு நேரமாயிற்று. அதற்குள் அம்மா என் தோளில் சாய்ந்து, நின்றபடியே கண்ணை மூடிவிட்டாள்.

பத்தாம் வாரம், வெள்ளிக்கிழமை. நான் வேலையிலிருந்து நேராக வகுப்புக்குப் போயிருந்தேன். ஐந்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. அக்கா நின்றுகொண்டிருந்தாள், நெற்றியில் வியர்வையோடு. தனியாகப் பேருந்தில் வந்திருந்தாள். சட்டைப் பித்தான் ஒன்று துளை மாறிப் போட்டிருந்தது. என் கை தானாக எழுந்தது, கீழே இறக்கிக்கொண்டேன்.

"வாங்க வாங்க," என்றார் கத்திரி அண்ணன். "நீங்க இல்லாம நோட்டு ஒரு வரி எழுதலை. தாள் எல்லாம் மிச்சம்."

அக்கா என்னிடம் வந்தாள். "நீ அந்த மூலையில உக்காரு. பார்த்துக்கோ, வேண்டாங்கலை. கை மட்டும் இந்தப் பக்கம் வரக் கூடாது."

"வராதுக்கா."

"வாயும்."

"சரிக்கா."

அவளிடம் புதிதாக நூற்ற நூல் கொஞ்சம் இருந்தது, எலுமிச்சம்பழம் அளவு. இரட்டிக்கப் போதாது. ஊடையாக, குறுக்கே ஓடும் நூலாக, ஒற்றையாகவே போடலாம், அடித்து நெருக்காமல் மெல்ல நெய்தால் தாங்கும் என்று டீச்சர் சொன்னார். நீளவாக்கில் ஓடும் பாவுக்கு எல்லோருக்குமே கடை நூல்தான். ஆனால் அதைத் தறியில் கோப்பது அவரவர் வேலை.

மேசைத்தறி சிறியது. நடுவில் சீப்பு மாதிரி ஒரு பலகை. அதில் ஒரு துளை, ஓர் இடுக்கு, மறுபடி ஒரு துளை, ஓர் இடுக்கு. ஒவ்வொன்றிலும் ஓர் இழை, வரிசை மாறாமல். நாற்பது இழை. கத்திரி அண்ணன் கால் மணி நேரத்தில் கோத்துவிட்டார். அக்கா அந்த வெள்ளி முழுவதும், அடுத்த செவ்வாய் முழுவதும் கோத்தாள். வலது முட்டி இழைக்கற்றையைப் பிடித்திருந்தது. இடது கையில் கொக்கி. கொக்கியைத் துளையில் விட்டு, இழையைத் தேடி, தவறவிட்டு, மறுபடி தேடி. வெயில் அவள் மேல் ஏறி இறங்கிப் போனது. அவள் கவனிக்கவில்லை. எனக்கு அவள் பழைய மேசையில், ஒற்றைக் கண்ணில் குமிழோடு இருப்பது போலவே தோன்றியது.

செவ்வாய், ஏழு மணிக்குப் பத்து நிமிடம். அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். நான் மூலையிலிருந்தே தறியைப் பார்த்தேன். எண்ணுவது என் பழக்கம். எண்ணியிருக்கக் கூடாது. பதினோராவது இடுக்கில் இரண்டு இழைகள் சேர்ந்து கிடந்தன. பக்கத்துத் துளை காலி.

நெய்தால் அந்த இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விழும். இப்போது சொன்னால் அவளே அரை மணி நேரத்தில் பிரித்துக் கோத்துவிடலாம். நானே எழுந்து போய் ஒரு நொடியில் ஓர் இழையைத் துளைக்குள் தள்ளிவிடலாம். அவளுக்குத் தெரியவே தெரியாது. கத்திரி அண்ணனும் பார்த்துவிட்டார். என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் இருமுவதுபோல் இரண்டு முறை இருமிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தேன். நான் செய்வது சரியா? ஓர் ஊனமான துணியை அவள் நெய்யட்டும் என்று விடுவது எந்த வகை அன்பு? குறிப்பேட்டில் அந்தக் கேள்விக்கு அரைப் பக்கம் இடம் விட்டிருக்கிறேன். இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அக்கா வந்தாள். முதல் வரியைப் போட்டாள்.

கடைசி மூன்று வகுப்புகளும் எனக்குத் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலக் கழிந்தன. ஊடை நூல் சுற்றிய நாடா இடமிருந்து வலம் போகும். அவள் எழுந்து மறுபக்கம் நடந்துபோய் அதே இடது கையால் எடுப்பாள். மறுபடி நடந்து வருவாள். ஒரு வரிக்கு ஒரு நடை. தறியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சாம்பல் நிறத்தில் துணி வளர்ந்தது, ஒரு விரல், இரண்டு விரல், ஓர் உள்ளங்கை. நடுவில் அந்தக் கோடும் கூடவே வளர்ந்தது.

கடைசி நாள். ஆறரை மணி. அக்கா பாதி நடையில் நின்றாள். குனிந்து துணியைப் பார்த்தாள். கண்ணுக்கும் துணிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"டீச்சர், இந்தக் கோடு என்ன?"

டீச்சர் வந்து பார்த்தார். "ரெண்டு இழை ஒரே இடுக்குல விழுந்திருக்கு."

"எப்போ விழுந்தது?"

"கோக்கும்போதே."

அக்கா நிமிர்ந்தாள். டீச்சரைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த என்னைப் பார்த்தாள்.

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எப்போ?"

"போன வாரம் செவ்வாய்க்கிழமை. நீ தண்ணி குடிக்கப் போனப்போ. ஆறு அம்பதுக்கு."

இராட்டைகள் நின்றுவிட்டன. அறையில் மழைச் சத்தம் இல்லாமல் நான் இருந்தது அப்போதுதான். அக்கா என்னையே பார்த்தாள். பிறகு அவள் வாய் கோணியது. நோய்க்குப் பிறகு அவள் சிரித்தால் ஒரு பக்கம்தான் ஏறும். அந்தப் பக்கம் ஏறியது.

"பத்து நாள்! பத்து நாள் வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு இருந்தியா?"

"செத்துட்டேன்கா."

"தூங்கினியா?"

"இல்லை."

"நல்லா வேணும் உனக்கு," என்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. அதை இடது கையின் பின்புறத்தால் துடைத்துக்கொண்டாள். "இந்த நோட்டு வாயை மூடிக்கிட்டு இருந்துச்சாம், கேட்டீங்களாண்ணே?"

"நான் சாட்சிம்மா. கை ரெண்டையும் மடிச்சு அடியில போட்டுக்கிட்டு, முட்டை மேல உக்கார்ந்த மாதிரி உக்கார்ந்திருந்துச்சு. எனக்கே பாவமா இருந்தது."

"பிரிச்சுக் கோக்கணும்னா நான் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கேன்," என்றார் டீச்சர்.

அக்கா கோட்டின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழே ஓட்டினாள். "கடிகாரத்துல ஒரு பல்லு தள்ளிப் போனாலும் நின்னுடும் டீச்சர். இது பாருங்க, நிக்கவே இல்லை." பிறகு என்னிடம், "இது நான் பண்ணினதுதானே? முழுசா?" என்று கேட்டாள்.

"கோடு உள்பட," என்றேன்.

அவள் தலையாட்டினாள். நாடாவை எடுத்தாள். நூல் இன்னும் நான்கு வரிக்கு வரும் போலிருந்தது. ஒரு வரி போட்டுவிட்டு மறுபக்கம் நடந்தாள்.

வெயில் விட்டத்தை விட்டுப் போய்விட்டது. யாரும் விளக்கைப் போடவில்லை. கீழே சைக்கிள் கடைக்காரர் ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா அவசரப்படவில்லை. இருட்டிக்கொண்டு வந்த அறையில் அவள் காலடி தறியைச் சுற்றி மெதுவாகப் போவதும் வருவதும் கேட்டது.